பீரோச் சாவியைக் கொடுங்கள்!

நமது சங்க அலுவலகத்தில் பச்சை நிறத்தில் ஒரு இரும்பு பீரோ இருக்கிறது. அதைப் பார்க்காத உறுப்பினர் கிடையாது. அதைத் திறந்து பார்த்தவர்கள் ஐந்து பேருக்கு மேல் கிடையாது. மேல் தட்டில் விழாக்களுக்கு வந்த பொன்னாடைகள். நடுத் தட்டில் தலைவர்களின் படங்கள். கீழ்த் தட்டில், கரப்பான் பூச்சிகளின் காவலில், உறுப்பினர் பதிவேடும் ரொக்கப் புத்தகமும் ரசீதுப் புத்தகங்களும். எந்தப் பொருளுக்கு எந்தத் தட்டு என்று முடிவு செய்தவர் யாரோ, நமது பொதுவாழ்வை நன்றாகவே புரிந்து வைத்திருக்கிறார்!

அந்த பீரோவின் சாவியைப் பற்றித்தான் இந்த மாதம் பேசப் போகிறோம். சிலருக்குக் கசக்கும். கசக்கட்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், மழைக்காலத்தில், நம் சகோதரர் ஒருவர், கொத்தனார், சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். மாதம் 50 ரூபாய் வீதம் ஈமச்சடங்கு நிதிக்குக் கட்டி வந்த குடும்பம். இறந்தவர் உடலை ஊருக்குக் கொண்டுபோக நமக்கு உள்ள ஒரே வழி அந்த நிதிதான். அதற்காகத்தான் அந்த நிதியே ஆரம்பிக்கப்பட்டது. அவர் மனைவி அலுவலகத்துக்கு வந்து நின்றபோது, "எட்டு மாசப் பாக்கி இருக்கேம்மா" என்று சொல்லி அனுப்பினோம். ஆம், அனுப்பினோம். இந்த ஏட்டை நடத்துகிற நாமும் அன்று அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தோம். கட்டியிருக்கிறேன் என்றார் அந்த அம்மாள். ரசீது எங்கே என்றோம். ஒழுகுகிற வீட்டில் எட்டுத் துண்டுக் காகிதத்தை நனையாமல் காப்பது அந்த அம்மாளின் கடமையாம்; அடிக்கட்டையை ஒழுங்காக வைத்திருப்பது நம் கடமை இல்லையாம்! உடல் ஊருக்குப் போகவில்லை. இங்கேயே தகனம் நடந்தது. தூத்துக்குடிப் பக்கத்தில் மகன் முகத்தை ஒரு முறை பார்க்கக் காத்திருந்த தாய்க்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

அந்த அம்மாளின் பக்கத்து வீட்டில் ஒரு பெண். அப்போது அவளுக்கு வயது 19. தாய் விடியற்காலை 3 மணிக்கு இட்லி ஊற்றுகிறவர். தகப்பன் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு விற்கப் போகிறவர். மகள் காலை 7 மணி வகுப்பில் வணிகவியல் படிக்கிறாள். பகலில் தோல் பைப் பட்டறையில் பில் எழுதுகிறாள். அவள் சங்கத்துக்கு வந்து கேட்டாள்: "பெரியப்பா, அடிக்கட்டையெல்லாம் நான் ஒரு தடவை பாக்கலாமா?"

எந்த நல்ல நேரத்திலோ ஒரு பெரியவர் சாவியைக் கொடுத்துவிட்டார். (அதற்காக அவர் இன்றைக்கும் வசவு வாங்குகிறார்.) மூன்று ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் பாயை விரித்து, மூன்று ஆண்டு ரசீதுப் புத்தகங்களை எண் வரிசைப்படி அடுக்கி, ஒவ்வொரு அடிக்கட்டையையும் ரொக்கப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தாள். கொத்தனார் வீட்டார் கட்டிய எட்டு மாதப் பணமும் அங்கேதான் இருந்தது. அதே பெயருள்ள அடுத்த சந்துக்காரரின் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருந்தது! யாரும் திருடவில்லை. யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஐந்து வாரம் கழித்து அந்த அம்மாளுக்குப் பணம் கிடைத்தது. எதற்குச் சேர்த்த பணமோ அதற்கு உதவாத பணம்.

அதோடு நின்றிருந்தால் அவளைப் பாராட்டி ஒரு பொன்னாடையைப் போர்த்தி அனுப்பியிருப்போம். அவள் இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். இரண்டு ரசீதுப் புத்தகங்கள் இல்லை. அச்சடித்து வந்த கணக்கு இருக்கிறது, புத்தகம் இல்லை. செயற்குழுவில் எழுந்து நின்று அதைக் கேட்டாள். எவ்வளவு பணிவாகக் கேட்டாள் என்பதற்கு நாமே சாட்சி. வந்த பதில் என்ன? "ஏ பிள்ள, நீ பொறக்கதுக்கு முந்தியே நாங்க சங்கம் நடத்துதோம். எங்கள்ட்டயே கணக்கு கேக்கியா?"

நாம் அன்றும் வாய் திறக்கவில்லை. அந்த வெட்கத்தில் எழுதப்படுவதுதான் இந்தக் கட்டுரை.

அவள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் கதை முடிந்திருக்கும். போகவில்லை. தன் சந்திலே பெண்கள் சேர்ந்து நடத்துகிற சிறுசேமிப்புச் சீட்டின் கணக்கைக் கையில் எடுத்தாள். மாதத்தின் முதல் ஞாயிறு மாலை, குழாயடிக்குப் பக்கத்தில் நின்று, வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்று உரக்கப் படித்தாள். முதல் மாதம் குரல் நடுங்கியது. ஏழெட்டுப் பேர்தான் நின்றார்கள். மூன்றாவது மாதம் கூட்டலில் 450 ரூபாய் தவறிவிட்டது. இரண்டு நாள் கழித்துத் தானே கண்டுபிடித்து, வீடு வீடாகப் போய், "அக்கா, நான் தப்பாச் சொல்லிட்டேன், சரியான கணக்கு இது" என்று சொன்னாள். அந்த 450 ரூபாய்தான் அவளைத் தலைவியாக்கியது என்பது நமது கணிப்பு. நம் மக்கள் தவறே செய்யாத தலைவர்களை நிறையப் பார்த்திருக்கிறார்கள். தவறு செய்தேன் என்று வாசலில் வந்து நின்ற ஒருவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள். அடுத்த மாதம் சந்து நிறைய ஆட்கள். ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனவர், மின்கட்டண பில் இறந்துபோன தகப்பன் பெயரிலேயே வருகிறவர், கூலி பாக்கிக்குக் கணக்கு எழுதித் தரச் சொல்கிறவர் என எல்லாரும் இப்போது சங்க அலுவலகத்தைத் தாண்டி அவள் வீட்டுக்குத்தான் போகிறார்கள்.

சங்கம் சும்மா இருக்குமா? அவளுக்கும் ஒரு இடம் கொடுக்க முன்வந்திருக்கிறது! மகளிர் அணியில். பொங்கல் விழாவில் குத்துவிளக்கு ஏற்றுகிறவருக்குத் தட்டைப் பிடிக்கலாம். சிறப்பு விருந்தினருக்குச் சந்தனம் கொடுக்கலாம்.

தோழர்களே, நாம் நேராகவே கேட்கிறோம். ஏன் பொருளாளர் பதவி இல்லை?

நம் பிள்ளைகள் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பில் என்ன படிக்கிறார்கள் என்று எந்தத் தகப்பனாவது புத்தகத்தைப் புரட்டிப் பார்த்ததுண்டா? இந்த மாநிலத்து வணிகவியல் பாடத்தில் புக் கீப்பிங் இருக்கிறது. செக்ரட்டேரியல் பிராக்டிஸ் என்று ஒரு பாடம் இருக்கிறது. செயலாளர் என்பவர் யார், அவர் கடமை என்ன என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். கூட்டுறவுச் சங்கம் என்று ஒரு பகுதி வருகிறது. அதில் முக்கியமான ஒரு விதி, ஒருவர் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஓர் ஓட்டுத்தான் என்பது. இதைப் படிக்கத்தான் வட்டிக்கு வாங்கிப் பீஸ் கட்டுகிறோம். படித்ததை வைத்து நம்மிடமே ஒரு கேள்வி கேட்டால், வாயாடி என்கிறோம்! பரீட்சைத் தாளில் எழுதினால் மதிப்பெண். சங்கத்தில் கேட்டால் மரியாதைக் குறைவு. இது என்ன நியாயம்?

உழைக்கிறவர் வீட்டுப் பிள்ளை வேலையும் பார்த்துக்கொண்டே படிக்க வேண்டும் என்ற எண்ணம் பல நாடுகளில் பல வடிவில் வந்திருக்கிறது. அமெரிக்காவில் 1901இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட்டில் தொடங்கிய ஈராண்டுக் கல்லூரி, பின்னாளில் சமுதாயக் கல்லூரி என்று பெயர் பெற்ற பெரிய ஏற்பாட்டுக்கு முன்னோடி. நம் பக்கம் 1995இல் புதுச்சேரியிலும், அடுத்த ஆண்டு சென்னையிலும் அப்படிப்பட்ட கல்லூரிகள் வந்தன. 2013இல் பல்கலைக்கழக மானியக் குழுவே அதை ஒரு திட்டமாக ஏற்றது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திட்டங்களின் பேச்சைக் கேளுங்கள்: வேலைக்குத் தகுதியாக்குதல், திறன் கொடுத்தல், முதலாளிக்கு வேண்டியபடி ஆளைத் தயார் செய்தல். கடைக் கவுன்டரில் நிற்க ஆள் கிடைத்தால் போதும் என்கிற பேச்சு. அந்தக் கவுன்டருக்குப் பின்னால் நிற்கிற பெண்ணுக்கு ஒரு தெரு இருக்கிறது, அந்தத் தெருவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது என்பது அவர்களுடைய அறிக்கைகளில் முன்னுக்கு வருவதில்லை. அது நம்முடைய வேலை. அதையும் நாம் செய்யவில்லை.

இதே நகரத்தில் செய்து காட்டியவர் ஒருவர் உண்டு. படத்தை நடுத் தட்டில் வைத்திருக்கிறோமே, அவர்தான். 1918இல் சிடன்ஹாம் வணிகவியல் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியராகச் சேர்ந்தார் அண்ணல் அம்பேத்கர். பேராசிரியர்களுக்கான தண்ணீர்ப் பானையை அவர் தொடக்கூடாது என்று ஆட்சேபித்தார்கள், உடன் வேலை பார்த்த சிலர். குடியிருந்தது பரேலில், மில் தொழிலாளர்கள் வாழ்ந்த சாலில். அந்த மனிதர் 1923இல் ரூபாயைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதி வெளியிட்டார். 1925இல் ஹில்டன் யங் ஆணையத்தின் முன் போய் நாணய மதிப்பைப் பற்றிச் சாட்சியம் சொன்னார். அதற்கு நடுவில்தான், 1924இல், ஒடுக்கப்பட்டோருக்காகப் பஹிஷ்கிருத ஹிதகாரிணி சபாவைத் தொடங்கினார். கணக்கு வேறு, தலைமை வேறு என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. 1946இல் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது, பகலில் வேலைக்குப் போகிற ஏழைப் பிள்ளைகளுக்காகக் காலை நேர வகுப்பு வைத்தார்கள். 1953இல் அந்தக் கல்விக் கழகமே வணிகவியலுக்கென்று தனிக் கல்லூரி கண்டது. நம் பெண் 7 மணிக்கு ஓடுகிற வகுப்பின் வேர் எங்கே இருக்கிறது என்று புரிகிறதா? அவர் படத்துக்கு மாலை போட ஆள் இருக்கிறது. அவர் எந்தப் பிள்ளைக்காக வகுப்பு வைத்தாரோ, அந்தப் பிள்ளைக்குச் சாவி கொடுக்க ஆள் இல்லை.

தூத்துக்குடி, திருநெல்வேலி என்று மார்தட்டுகிறோம். வ.உ.சி.யைச் சொல்லாத மேடை உண்டா? 1906இல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது பங்கு ஒன்று 25 ரூபாய். 40,000 பங்கு, 10 லட்சம் மூலதனம். ஊர் ஊராகப் போய்ப் பங்கு விற்றார், இந்தப் பம்பாய்க்கும் வந்தார். 1908இல் கோரல் மில் தொழிலாளர்களுக்காக நின்றவரும் அவரே. மக்களிடம் பங்குப் பணம் வாங்கினால் கணக்கும் சொல்லத்தான் வேண்டும். செக்கிழுத்ததை மட்டும் பேசுகிறோம். பங்குப் பத்திரத்தைப் பேசுவதில்லை. கண்ணீர் விடுவது சுலபம் அல்லவா?

நம் வீட்டுப் பையன்களுக்கு மும்பைத் தமிழ்த் தலைவன் என்றால் மனதில் வருகிற உருவம் எது? 1987இல் வந்த 'நாயகன்' படத்து வெள்ளை வேட்டி. அந்தப் படத்தை நாமும் பார்த்தோம், கைதட்டினோம். ஆனால் பாருங்கள், கூட்டம் வாசலில் கைகட்டி நிற்க, உள்ளே ஒருவர் உட்கார்ந்து நீதி வழங்குவது நமக்கு எவ்வளவு பிடித்துப் போயிற்று! அவரிடம் போய், "அய்யா, இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. அந்த நாற்காலியின் சின்னச் சின்னப் பிரதிகள்தான் நம் சங்கங்களில் எல்லாம் போட்டிருக்கிறது.

பெரியவர்கள் மனம் நோகலாம். அவர்களை நாம் மறக்கவில்லை. 1966இல் சிவசேனை பிறந்தபோதும் அதற்கு முன்பே 'மார்மிக்' ஏட்டில் தென்னிந்தியர் பெயர்கள் பட்டியல் போட்டு வெளியிடப்பட்டபோதும், உடுப்பி ஓட்டல்கள்மீது கல் விழுந்தபோதும், இந்தச் சந்துகளின் வாசலில் இரவெல்லாம் விழித்து நின்றவர்கள் அவர்கள். எழுத்தறியாத கையால் ஒன்றும் இரண்டும் ரூபாயாகச் சேர்த்து இந்த அறையைக் கட்டியவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் பீரோ வைக்க இடமே இருந்திருக்காது. அதனால்தான் கேட்கிறோம்: அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்ததை இரண்டு ரசீதுப் புத்தகத்தோடு தொலைத்துவிட்டுப் போகவா? சாரிட்டி கமிஷனர் அலுவலகத்தில் நம் சங்கத்தின் நிர்வாகிகள் என்று பதிவாகியிருக்கிறவர்களில் மூன்று பேர் காலமாகிவிட்டார்கள். 1950ஆம் ஆண்டுப் பொது அறக்கட்டளைச் சட்டப்படி, நிர்வாகிகள் மாறினால் 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தோமா? இதையும் அந்தப் பெண்தான் வந்து சொன்னாள். சட்டத்தின் கண்ணில் இன்று நமது சங்கத்தைப் பாதி ஆவிகள்தான் நடத்துகின்றன!

தாய் தகப்பன்மாருக்கும் ஒரு வார்த்தை. "படிச்சமா, ஆபீஸ் வேலைக்குப் போனமான்னு இரு. சங்கம் கிங்கம்னு அலையாத" என்று சொல்லாத வீடு இல்லை. பெண் பிள்ளையென்றால் இரண்டு மடங்கு. பயம் நமக்குப் புரிகிறது. ஆனால் அப்படி வளர்த்த பிள்ளைகள் என்ன ஆனார்கள்? கணக்குப் படித்தவன் கல்யாணிலோ பன்வெலிலோ ஃபிளாட் வாங்கிக் கொண்டு போனான். பொங்கலுக்கு வருகிறான், செல்போனில் படம் எடுக்கிறான், போகிறான். கொத்தனார் மனைவி ரசீதோடு வந்து நிற்கும்போது படித்துச் சொல்ல அவன் இல்லை. இன்னொரு கூட்டம், கோட்டு மாட்டிக்கொண்டு ஆளுமை வளர்ச்சி வகுப்பு என்று ஆயிரக்கணக்கில் பணம் கட்டி, கண்ணாடி முன் நின்று கை குலுக்கப் பழகுகிறது. தலைமைக் குணம் வருமாம்! குழாயடியில் நின்று நாற்பது பெண்களுக்குக் கணக்குப் படித்துக் காட்டட்டும். ஒரு காசு செலவில்லை.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பீர்கள். தாராவிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2004இல் அறிவித்த மறுசீரமைப்புத் திட்டம் இருபது ஆண்டு இழுத்தது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். 2000 ஜனவரி 1க்கு முன்பே தரைத்தளத்தில் இருந்தவருக்கு அங்கேயே இலவச வீடு. அதற்குப் பின் வந்தவருக்கும் மாடியில் இருப்பவருக்கும் தாராவிக்கு வெளியே, பணமோ வாடகையோ தவணையோ கட்டி. ஒரு தேதி, ஒரு காகிதம், அதில் ஓர் எழுத்துப் பிழை: ஒரு குடும்பத்தின் ஐம்பது ஆண்டு வாழ்வு இடம் மாறிப் போகிறது. அனெக்ஷர் டூ என்கிற தகுதிப் பட்டியலை வாங்கிப் படித்து, எந்த வீடு எந்தக் காரணத்தால் தள்ளப்பட்டது என்று புரிந்து, கெடு முடிவதற்குள் மேல்முறையீடு எழுத வேண்டும். மைக் பிடித்து முழங்கினால் அந்தப் பட்டியலில் ஒரு பெயர் சேராது. நம் பழைய உறுப்பினர் பதிவேட்டில், 1990களில் யார் எந்தச் சந்தில் இருந்தார் என்று இருக்கிறது. அதை அரசு சான்றாக ஏற்காவிட்டாலும், எந்த வாக்காளர் பட்டியலில் யாருடைய பெயரைத் தேட வேண்டும் என்று அது வழிகாட்டும். அந்தப் பதிவேடு எங்கே? கீழ்த் தட்டில். சாவி எங்கே? மடியில்.

இன்னொன்றையும் சொல்லி விடுகிறோம். இப்போது பாதிப் பேர் சந்தாவை ஜிபேயில் அனுப்புகிறார்கள், அதுவும் சங்கக் கணக்குக்கு இல்லை, ஒரு நிர்வாகியின் சொந்த போன் எண்ணுக்கு. அவர் யோக்கியர்தான், நமக்குச் சந்தேகமில்லை. நாளை அவர் சாரத்திலிருந்து விழுந்தால்?

ஆகவே செப்டம்பர் பொதுக்குழுவுக்கு ஒரு தீர்மானம் வைக்கிறோம். அந்தப் பெண்ணைப் பொருளாளராகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு ஆட்சேபணை இருந்தால், வணிகவியல் படிக்கிற நம் பிள்ளைகளில் வேறு இருவரையாவது துணைப் பொருளாளர்களாக்கி, பீரோவுக்கு இரண்டாவது சாவி அவர்கள் கையில் இருக்க வேண்டும். மாதக் கணக்கு, முதல் ஞாயிறு, அலுவலக வாசலில் உரக்கப் படிக்கப்பட வேண்டும். பெண்கள் வரக்கூடிய நேரத்தில். காணாமல் போன இரண்டு ரசீதுப் புத்தகங்களைப் பற்றி விசாரித்து எழுத்தில் அறிக்கை தர வேண்டும். கொத்தனார் வீட்டு அம்மாளிடம் சங்கம் மன்னிப்புக் கேட்க வேண்டும். முதல் ஆளாக நாம் போகிறோம்.

இதுவரை 31 உறுப்பினர்கள் கையெழுத்திட்டிருக்கிறார்கள். 14 பேர் பெண்கள், இருவர் கைநாட்டு. தீர்மானத்தைச் செயலாளரிடம் நேரில் கொடுத்தோம். வாங்கிக்கொண்டு, பீரோவில் பத்திரமாக வைப்பதாகச் சொன்னார். நாம் வணங்கிவிட்டு எழுந்தோம். அந்தப் பெண் எழவில்லை. பையிலிருந்து நகலை எடுத்து மேசைமேல் வைத்து, "மாமா, வாங்கிக்கிட்டதா இதுல ஒரு கையெழுத்துப் போட்டு, தேதி எழுதிக் குடுங்க" என்றாள்.

போட்டுக் கொடுத்தார். நகல் அவளிடம் இருக்கிறது.